நம் கணினி நமக்கே ஏன் அனுமதி மறுக்கிறது?

கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால், சில நேரங்களில் ஒரே வரியில் பதில் வந்து நிற்கும்: ‘ஆக்சஸ் இஸ் டினைட்’. அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, “நம்ம கம்ப்யூட்டர்தானே சார், நமக்கே ஏன் பர்மிஷன் இல்லைங்குது?” என்று கேட்டான். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று கொடுத்தால் சரியாகிவிடும் என்று அவனுக்குப் பதில் சொல்வது எளிது. இணையக் காணொளிகள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அது அவன் கேட்ட கேள்விக்கான விடை அல்ல. மறுப்பவர் யார், எதற்காக மறுக்கிறார் என்பது தெரியாமல் அந்த மறுப்பைத் தாண்டும் வழியை மட்டும் கற்றுக்கொடுத்தால், பூட்டைப் பற்றிச் சொல்லாமல் சாவிக்கொத்தை மட்டும் கையில் கொடுத்தது போலாகிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தான் வழியே இயக்கும் பாடம் இருப்பதால், மேல்நிலை மாணவர்கள் கட்டளைச் சாளரத்தைத் தொடாமல் இருக்க முடியாது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது தேவையா என்று கேட்கலாம். மடிக்கணினி மெதுவாகிவிட்டால், பிரிண்டர் வேலை செய்யாவிட்டால், இணையம் இணையாவிட்டால் நாமும் தீர்வு தேடுகிறோம். கிடைக்கும் தீர்வுகளில் பாதி ‘கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும்’ என்றுதான் தொடங்குகின்றன. ஆகவே எல்லாருக்கும் தேவைதான்.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்பு முறையில் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

தலைமை ஆசிரியரும் வட்ட முத்திரையும்

ஈராசிரியர் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்வோம். அங்கே தலைமை ஆசிரியரும் வகுப்பெடுப்பார். நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் நேரத்தில் அவர் ஓர் ஆசிரியர்; கையில் சுண்ணக்கட்டி மட்டுமே இருக்கும். யாராவது மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தால் அலுவலக அறைக்குப் போகிறார், பீரோவைத் திறக்கிறார், வட்ட முத்திரையை எடுக்கிறார், பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார், முத்திரையைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுகிறார். ஆள் ஒருவர்தான்; அதிகாரம் மட்டும் தேவைப்படும்போது கைக்கு வந்து, வேலை முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடுகிறது. முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே நாள் முழுவதும் திரிந்தால் என்ன ஆகும்? அவர் தவறு செய்ய வேண்டியதே இல்லை. மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு குழந்தை அதை எடுத்து நோட்டுப் புத்தகம் முழுக்கக் குத்தி விளையாடிவிடும்.

விண்டோஸும் ஏறக்குறைய இதையே செய்கிறது. நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நாம் உள்நுழையும்போது, அது நமக்காக இரண்டு அனுமதிச் சீட்டுகளைத் தயாரிக்கிறது. இவற்றை ‘டோக்கன்’ என்பார்கள். ஒன்றில் முழு அதிகாரம் இருக்கும். மற்றொன்றில் ஆபத்தான அதிகாரங்கள் கழிக்கப்பட்டிருக்கும். நாம் திறக்கும் உலாவி, வேர்டு, கட்டளைச் சாளரம் எல்லாம் இந்த இரண்டாவது சீட்டோடுதான் ஓடுகின்றன. இயங்குதளத்தின் கோப்புகளை, அதாவது எல்லாப் பயனருக்கும் பொதுவான இடத்தை, மாற்ற முயன்றால் சீட்டில் அந்த அதிகாரம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறோம். மாணவன் பார்த்த மறுப்பு இதுதான். கணினி அவனை யாரென்று தெரியாமல் மறுக்கவில்லை. அவன் முத்திரை இல்லாமல் வந்திருக்கிறான், அவ்வளவே.

இந்த ஏற்பாடு எப்போதும் இருந்ததல்ல. 1981இல் வந்த எம்எஸ்-டாஸில் பயனர் கணக்கு என்ற ஒன்றே கிடையாது. கணினி முன் அமர்ந்தவர் யாராக இருந்தாலும் எதையும் அழிக்கலாம். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும். எஸ்கேப் விசையை அழுத்தினால் அது மறைந்து, கணினி திறந்துகொள்ளும்! அக்காலத்தில் கணினி கற்ற நம்மில் பலருக்கு இது நினைவிருக்கும். 1993இல் வந்த விண்டோஸ் என்டியில் முறையான கணக்குகளும் அனுமதிகளும் இருந்தன. அந்த வழியில் 2001இல் வந்த எக்ஸ்பி வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவியபோது, புதிதாக நிறுவும்போது உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே இருந்தது. பூட்டு இருந்தும் சாவி கதவிலேயே தொங்கிய காலம் அது. 2007இல் வெளிவந்த விஸ்டாவில்தான் இரண்டு சீட்டு முறை வந்தது. எதற்கெடுத்தாலும் ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்கிறதே என்று அப்போது உலகம் முழுவதும் எரிச்சல்பட்டார்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் அந்தக் கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள்.

இதன் பின்னால் உள்ள கருத்து விண்டோஸைவிடப் பழையது. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1975இல் கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒரு நெறியாகவே வகுத்தார்கள். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும், எடுத்த வேலையை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டுமே இயங்க வேண்டும் என்பது அந்நெறி. தவறோ விபத்தோ நேர்ந்தால் சேதம் அந்தச் சிறிய எல்லைக்குள் நின்றுவிடும். கவனியுங்கள், இது நம்பிக்கையின்மை பற்றிய நெறி அல்ல. நல்லவர்களும் கைதவறுவார்கள் என்பது பற்றியது.

திறப்பதும் அடையாளம் காண்பதும்

தொடக்கப் பட்டியைத் திறந்து ‘சிஎம்டி’ என்று தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதன் மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எண்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாலும் அதே பலன்தான். திரை மங்கி, நடுவில் ஒரு கேள்வி வரும். திரை மங்குவது அழகுக்காக அல்ல. அந்த நேரத்தில் வேறு எந்த நிரலும் நமக்குப் பதிலாக ‘ஆம்’ என்று சொடுக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கணினி அந்தக் கேள்வியைத் தனித் திரையில் வைத்துக் கேட்கிறது.

நிர்வாகிக் கணக்கில் இருந்தால் ‘ஆம், இல்லை’ என்ற இரண்டு பொத்தான்கள் மட்டும் வரும். சாதாரணக் கணக்கில் இருந்தால் நிர்வாகி ஒருவரின் கடவுச்சொல்லைக் கேட்கும். பள்ளிக் கணினியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிக முக்கியம். முதல் நிலையில் ஒரு சொடுக்கு போதும், எல்லாம் திறந்துவிடும்.

திறந்த பிறகு இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். சாளரத்தின் தலைப்பு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற சொல்லோடு தொடங்கும். சாதாரணமாகத் திறந்த கறுப்புச் சாளரம் நம் பெயருள்ள கோப்புறையில் நிற்கும். நிர்வாகியாகத் திறந்தது விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சிஸ்டம்32’இல் நிற்கும். இயங்குதளத்தின் இதயமான கோப்புகள் இருக்கும் இடம் அது. எங்கே நிற்கிறோம் என்று பாராமல் எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளையைத் தட்டுவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. நல்லவேளையாக, விஸ்டா முதல் அக்கோப்புகளில் பெரும்பாலானவை ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற வேறொரு கணக்கின் உடைமையாக வைக்கப்பட்டிருப்பதால், நிர்வாகியும் அவற்றை நேரடியாக அழிக்க முடியாது. தலைமை ஆசிரியராலும் திருத்த முடியாத பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நிர்வாகிச் சாளரத்திலிருந்து தொடங்கப்படும் எந்த நிரலும் அதே முழுச் சீட்டோடுதான் பிறக்கும். அங்கிருந்து நோட்பேடைத் திறந்தால் அந்த நோட்பேடுக்கும் நிர்வாகி உரிமை உண்டு. அதில் ‘ஓப்பன்’ கொடுத்துக் கோப்புகளைப் பார்க்கும் பெட்டிக்கும் உண்டு. ஆகவே வேலை முடிந்ததும் சாளரத்தைச் சிறிதாக்கி வைக்காமல் மூடிவிட வேண்டும்.

எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

நான் பார்த்த வரையில் பெரிய குழப்பம் இங்கேதான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எப்போதும் நிர்வாகியாகவே திறப்பவர்கள் உண்டு. கோப்புகளைப் பட்டியலிடும் ‘டிஐஆர்’, கோப்புறை மாற்றும் ‘சிடி’, இணைய முகவரி காட்டும் ‘ஐபிகான்ஃபிக்’, இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’, பைத்தான் நிரலை இயக்குவது, சி பிளஸ் பிளஸ் நிரலைத் தொகுப்பது ஆகிய எதற்கும் நிர்வாகி உரிமை வேண்டாம். மாணவர்களின் செய்முறை முழுவதையும் சாதாரணச் சாளரத்திலேயே முடித்துவிடலாம்.

பிறகு ஏன் செய்முறையின்போது மறுப்பு வருகிறது? பெரும்பாலும் காரணம் இடம்தான். ‘சி’ இயக்ககத்தின் தலைமட்டத்தில் நேரடியாகக் கோப்பு எழுத விண்டோஸ் சாதாரணப் பயனரை விடாது. ஆனால் அங்கே கோப்புறை ஒன்றை உருவாக்க விடும். அப்படி உருவாக்கிய கோப்புறைக்குள் தாராளமாக எழுதலாம். எனவே நிரலைச் சேமிக்கும்போது மறுப்பு வந்தால் நிர்வாகியாகத் திறக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு கோப்புறை உருவாக்கச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நிர்வாகியாகத் திறப்பதால் வரும் சில விநோதங்களும் உண்டு. ஆய்வகப் பிணையத்தில் ‘இசட்’ என்றோ ‘ஒய்’ என்றோ எழுத்திட்டு இணைத்திருக்கும் பொது இயக்ககம் நிர்வாகிச் சாளரத்தில் தெரியாமல் போகலாம். அந்த இணைப்பு நம் சாதாரணச் சீட்டோடு செய்யப்பட்டது; முழுச் சீட்டுக்கு அது தெரியாது. அதேபோல, கோப்பு ஒன்றைச் சுட்டியால் இழுத்து அந்தச் சாளரத்தில் போட்டால் ஏற்காது. குறைந்த உரிமையுள்ள நிரல் கூடிய உரிமையுள்ள நிரலைத் தொடக் கூடாது என்ற விதி காரணம். இவற்றைப் பழுது என்று நினைத்து மணிக்கணக்கில் அலைய வேண்டாம்.

உண்மையில் தேவைப்படும் வேலைகள் சில. சேதமடைந்த விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் ‘எஸ்எஃப்சி’ கட்டளை அவற்றுள் ஒன்று. கட்டளைப் பெயர், ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதையொட்டி இடைவெளியின்றி ‘ஸ்கேன்நவ்’. சாதாரணச் சாளரத்தில் இதைத் தட்டினால், நீங்கள் நிர்வாகியாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். நிர்வாகியாக இயக்கினால் விழுக்காட்டைக் காட்டிக்கொண்டே போகும். நூறு வரும்வரை சாளரத்தை மூடக் கூடாது. மடிக்கணினி என்றால் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். வன்தட்டைச் சரிசெய்யும் ‘செக்டிஸ்க்’ மற்றொன்று. விண்டோஸ் இருக்கும் இயக்ககத்தையே சரிசெய்யச் சொன்னால், பயன்பாட்டில் இருக்கிறது, அடுத்த முறை கணினி தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ‘ஒய்’ எழுத்தைத் தட்டினால் அடுத்த தொடக்கத்தில் நீண்ட நேரம் எடுக்கும். காலை முதல் பாடவேளைக்குத் திறன் பலகையோடு இணைக்க வேண்டிய கணினி என்றால், முந்தைய நாள் மாலையிலேயே மறுதொடக்கம் செய்துவிடுங்கள். மற்றொரு பயனரின் கடவுச்சொல்லை மாற்றுதல், பயனர் சேர்த்தல், எல்லாருக்குமான மென்பொருள் நிறுவுதல் ஆகியவையும் இந்த வகையில் அடங்கும்.

இரண்டு சம்பவங்கள்

கட்டளை வரியில் அழித்த கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதில்லை. இதை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதோடு நிர்வாகி உரிமையும் சேர்ந்தால் ஒரு எழுத்தின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு இரண்டு சம்பவங்களை வகுப்பில் சொல்வதுண்டு.

2011இல் லினக்ஸ் கணினிகளுக்கான ‘பம்பிள்பீ’ என்ற திறமூல மென்பொருளின் நிறுவல் நிரலில், ஒரு குறிப்பிட்ட கோப்புறையை நீக்கச் சொல்லும் வரி இருந்தது. அந்த முகவரியின் நடுவே தவறுதலாக ஒரே ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டது. கட்டளை வரியில் வெற்றிடம் என்பது ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதன் அடையாளம். ஆகவே உள்ளே ஆழத்தில் இருந்த சிறு கோப்புறைக்குப் பதிலாக, லினக்ஸின் பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் ‘யூஎஸ்ஆர்’ கோப்புறை முழுவதையும் நீக்கு என்று கணினி புரிந்துகொண்டது. நிறுவல் நிர்வாகி உரிமையோடு ஓடியதால் தடுக்க யாருமில்லை. சாதாரணப் பயனராக ஓடியிருந்தால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வரிகள் திரையை நிறைத்திருக்கும், ஒன்றும் அழிந்திருக்காது. தமிழில் ஒற்று விடுபட்டால் பொருள் மாறும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, அதுபோல இங்கே ஒரு வெற்றிடம்.

இரண்டாவது 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ‘கிட்லேப்’ தளத்தின் பொறியாளர் ஒருவர், இரவு நேரத்தில், துணைக் கணினியில் இருந்த தரவுத்தளக் கோப்புறையை அழிக்க நினைத்தார். தட்டிய சாளரம் முதன்மைக் கணினியினுடையது. ஓரிரு நொடிகளில் கவனித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. காப்புப் படிகளுக்காக வைத்திருந்த ஏற்பாடுகள் பலவும் சரியாக வேலை செய்யாதது அப்போதுதான் தெரியவந்தது. முடிவில் ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவே இல்லை. நடந்தது அனைத்தையும் அந்நிறுவனமே பொதுவில் வெளியிட்டது. அந்தப் பொறியாளருக்கு அனுமதி இருந்தது, அறிவும் இருந்தது. சாளரம்தான் மாறிப்போயிற்று. தலைப்பைப் படித்துவிட்டுத் தட்டுங்கள் என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

நமக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. நம் கணினிகளில் கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்போம். பழைய கறுப்புச் சாளரம் தமிழ் எழுத்துகளைக் காட்டத் தெரியாமல் வெறும் கட்டங்களாகக் காட்டும். ‘மதிப்பெண் பட்டியல்’ என்ற கோப்புறை கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ஏதோ கெட்டுப்போன கோப்பு அல்லது வைரஸ் என்று எண்ணி அழித்துவிடக் கூடும். கட்டமாகத் தெரிவது காட்சிக் கோளாறு மட்டுமே, கோப்பு நலமாக இருக்கிறது. அழிக்கும் வேலை எதையும் பெயர் தெளிவாகத் தெரியும் வழக்கமான கோப்புச் சாளரத்தில் செய்துகொள்ளுங்கள்.

மற்றவர் சொல்லித் தட்டும் கட்டளை

நிர்வாகி உரிமையைத் திருட வருபவர் பூட்டை உடைப்பதில்லை. நம்மையே திறக்கச் சொல்கிறார். கணினி நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று தொலைபேசியில் அழைப்பவர்களின் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ‘அசோக்’ என்ற பெயர் போல ஒலிக்கும் ‘ஏஎஸ்எஸ்ஓசி’ கட்டளையைத் தட்டச் சொல்வார்கள். பட்டியல் ஒன்று ஓடும். அதன் கடைசியில் வரும் நீண்ட எண்ணை அவர்களே தொலைபேசியில் படித்துக் காட்டி, இது உங்கள் கணினியின் அடையாள எண், எங்களிடம் இருக்கிறது பாருங்கள் என்பார்கள். நம்பிவிடுவோம். உண்மையில் அந்த எண் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே! இதை ஆய்வகத்தில் நான்கு கணினிகளில் ஒரே நேரத்தில் மாணவர்களைத் தட்டச் செய்து ஒப்பிடச் சொல்லலாம். ஆபத்தில்லாத கட்டளை, வீட்டில் பெற்றோரிடமும் போய்ச் சொல்வார்கள்.

2024 முதல் பரவிவரும் வடிவம் இன்னும் நுட்பமானது. ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்’ என்று பெட்டி வரும். விண்டோஸ் விசையோடு ‘ஆர்’, பிறகு கண்ட்ரோலோடு ‘வி’, பிறகு எண்டர் அழுத்துங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். நமக்குத் தெரியாமல் அப்பக்கம் நகலெடுத்து வைத்த கட்டளை ஒன்றை நாமே ஒட்டி நாமே இயக்குகிறோம். மனிதரா என்று சோதிக்கும் எந்த உண்மையான பக்கமும் இணைய உலாவிக்கு வெளியே எதையும் அழுத்தச் சொல்லாது. அதைத் தொடர்ந்து அனுமதி கேட்டுத் திரை மங்கினால், அதுதான் நமக்குக் கிடைக்கும் கடைசி நிறுத்தம். நாமாகத் தொடங்காத வேலைக்கு அந்தக் கேள்வி வந்தால் ‘இல்லை’ என்பதே விடை.

பள்ளிக் கணினியில் எப்படி அமைப்பது?

பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள ஆய்வகக் கணினிகள் என்றால் அவற்றின் அமைப்பை மாற்றாமல் பொறுப்பாளர்களிடம் சொல்லிச் செய்துகொள்வதே முறை. பள்ளியின் பொறுப்பிலேயே உள்ள கணினிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குறைந்தது இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று கடவுச்சொல்லுடன் கூடிய நிர்வாகிக் கணக்கு. மற்றொன்று மாணவர்களுக்கான சாதாரணக் கணக்கு. அமைப்புகள் பகுதியில் கணக்குகள் என்ற பிரிவுக்குள் போய்ப் புதிய பயனரைச் சேர்த்தால், விண்டோஸ் அதைச் சாதாரணக் கணக்காகவே உருவாக்கும். நாமாக மாற்றினால்தான் நிர்வாகியாகும். ஆசிரியர்களும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. வருகைப்பதிவுக்கும் வினாத்தாள் தட்டச்சுக்கும் முத்திரை எதற்கு?

வெளியே பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய கணினியில் ஒன்றைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரில் உள்ளமைந்த கணக்கு ஒன்று உண்டு. வழக்கமாக அது முடக்கப்பட்டிருக்கும். வேலை எளிதாகட்டும் என்று சிலர் அதைத் திறந்து, கடவுச்சொல்லும் வைக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் திரை மங்காது, கேள்வி வராது. எல்லா நிரலும் முழு உரிமையோடே ஓடும். ‘ஹூ ஆம் ஐ’ என்ற மூன்று சொற்களையும் இடைவெளியில்லாமல் தட்டினால் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று காட்டிவிடும். அதில் அப்பெயர் வந்தால் உங்கள் பெயரில் வேறொரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகு, அதை முடக்குங்கள். வரிசையை மாற்றினால் நாமே வெளியே நிற்க நேரும்.

கடவுச்சொல்லைத் தலையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். மாறுதல் கலந்தாய்வில் இடம் கிடைத்துச் செல்லும் ஆசிரியர் ஆய்வகச் சாவியை ஒப்படைக்கிறார், இருப்புப் பதிவேட்டை ஒப்படைக்கிறார். நிர்வாகிக் கடவுச்சொல் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இப்படித்தான் கடவுச்சொல் கிடைக்காமல், யாரோ ஒருவர் விண்டோஸைப் புதிதாகவே நிறுவிவிட்டார். கணினி திறந்தது. மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல்களும் ஆண்டுவிழாப் படங்களும் போய்விட்டன. ஒட்டிய உறையில் எழுதித் தலைமை ஆசிரியரின் பீரோவில் வைத்து, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும்.

வகுப்பில்

ஒரு பாடவேளைக்குள் முடியும் செயல்பாடு இது. மாணவர்கள் தங்கள் சாதாரணக் கணக்கில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் தங்கள் கோப்புறையில் ‘எம்டி’ கட்டளையால் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கட்டும். பிறகு விண்டோஸ் கோப்புறைக்குள் அதையே முயலட்டும். மறுப்பு வரும். யார் மறுத்தது, எதைக் காப்பாற்ற மறுத்தது என்று அவர்களையே சொல்ல வையுங்கள். அடுத்து நீங்கள் அதே கணினியில் நிர்வாகியாகத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டி, இரண்டு சாளரங்களிலும் ‘ஹூ ஆம் ஐ’ இயக்கிக் காட்டுங்கள். ஒன்றில் மாணவர் கணக்கின் பெயர் வரும். மற்றொன்றில் உங்கள் பெயர் வரும். பிறகு உங்கள் சொந்த நிர்வாகிக் கணக்கிலிருந்து இதையே செய்தால் இரண்டு சாளரங்களிலும் ஒரே பெயர்தான் வரும். ஆள் ஒன்று, பெயர் ஒன்று, அப்படியானால் எது மாறியது? இந்தக் கேள்வியில் வகுப்பு கொஞ்ச நேரம் நிற்கட்டும். முத்திரைக் கதையை அங்கே சொன்னால் சரியாகப் பொருந்தும்.

லினக்ஸ் உள்ள கணினி என்றால் பெயர்கள்தான் வேறு. யூனிக்ஸ் காலந்தொட்டே அங்கே முழு அதிகாரம் உள்ள கணக்குக்கு ‘ரூட்’ என்று பெயர். அதில் நேரடியாக நுழைவதற்குப் பதில், ஒரு கட்டளைக்கு மட்டும் அதன் உரிமையைக் கடன் வாங்கும் ‘சூடோ’ என்ற நிரல் 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. உபுண்டு 2004இல் வந்தபோதே ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு ‘சூடோ’வையே வழியாக வைத்தது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இப்போது இதே பெயரில் ஒரு கட்டளை வந்திருக்கிறது; அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ள வேண்டும்.

உபுண்டுவில் ‘சூடோ’ கடவுச்சொல் கேட்கும்போது தட்டும் எழுத்துகள் புள்ளியாகக்கூடத் தெரியாமல் இருக்கலாம். விசைப்பலகை பழுது என்று மாணவர்கள் பதறுவார்கள். தட்டி முடித்து எண்டர் அழுத்தச் சொல்லுங்கள். ஒருமுறை கொடுத்த கடவுச்சொல்லை அச்சாளரம் வழக்கமாக 15 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். ஆகையால் செய்து காட்டிவிட்டு மாணவருக்கு இடம் கொடுத்து எழுவதற்கு முன், ‘சூடோ’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘கே’ எழுத்தும் தட்டி எண்டர் அழுத்துங்கள். அந்த நினைவு அப்போதே அழிந்துவிடும். அடுத்த முறை மீண்டும் கடவுச்சொல் கேட்கும்.